எழுதப்படாத வசனம்: தமிழ்த் திரையும் காதுகேளாதோரும்

தமிழில் ‘கேள்வி’ என்ற சொல்லுக்கு மூன்று வேலைகள். காதால் கேட்பது, கேட்டு அறிவது, எதிர்த்து வினவுவது. திருக்குறள் அதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. அறிவு காது வழியாக வருகிறது என்ற நம்பிக்கை நம் பொதுப்புத்தியில் அவ்வளவு ஆழமாகப் படிந்திருப்பதால்தான், பயனற்ற முயற்சிக்கு உவமை தேடும்போது ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று தயக்கமே இல்லாமல் சொல்லிவிடுகிறோம். சென்ற நூற்றாண்டின் அரசியலும் இதே தடத்தில்தான் நடந்தது. மேடை, ஒலிபெருக்கி, அடுக்குமொழி. டீக்கடை பெஞ்சில் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, எழுத்தறியாத பத்துப்பேர் கேட்டார்கள். எழுத்து குரலாக மாறி ஒரு பெருந்திரளை உருவாக்கியது என்பதை நாம் பெருமையாக எழுதியிருக்கிறோம்; அதில் தவறில்லை. ஆனால் இந்தச் சொல்லாடலில் ‘மக்கள்’ என்றால் காது கேட்பவர்கள் என்றே பொருள். குரல் மீண்டும் எழுத்தாக மாற வேண்டிய தேவை உள்ளவர்கள் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

தமிழ்த் திரையில் முதலில் இருந்தது எழுத்துதான் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1910களின் இறுதியில் நடராஜ முதலியார் சென்னையில் ‘கீசகவதம்’ எடுத்தபோது, காட்சிகளுக்கு இடையே எழுத்து அட்டைகள் வந்தன. அந்தக் காலத்துக் கொட்டகைகளில் அட்டையைப் படித்துக் கதை சொல்ல ஆள் இருந்தது. எழுத்தறியாதவருக்கு உதவிக்கு ஆள் இருக்க, காதுகேளாதவர் உதவியே தேவைப்படாமல் பார்த்துவிட்டுப் போகலாம் என்பதுதான் அந்தப் பதினைந்து வருடத்துச் சமன்பாடு. 1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ பேச ஆரம்பித்ததும் அட்டை போயிற்று. சினிமா வாய் திறந்த நாளை வரலாறு கொண்டாடுகிறது. அன்றைக்கு யார் வெளியே அனுப்பப்பட்டார்கள் என்று கேட்ட வரலாறு தமிழில் இல்லை.

அமெரிக்காவில் கேட்டிருக்கிறார்கள். எமர்சன் ரொமேரோ என்ற காதுகேளாத நடிகர் மௌனப் படங்களில் நடித்தவர். பேசும்படம் வந்ததும் வேலை போயிற்று. 1947இல் அவரே பழைய முறைப்படி படச்சுருளை வெட்டி, நடுநடுவே எழுத்து அட்டைகளை ஒட்டி, காதுகேளாதோர் மன்றங்களுக்கு வாடகைக்கு அனுப்பினார். 1958இல் அந்நாட்டு அரசு வசனவரி சேர்த்த படங்களைக் காதுகேளாதோருக்கு வழங்க ஒரு சட்டம் இயற்றியது.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றது. ‘பராசக்தி’க்குப் பிறகு கதை வசனமே புத்தகமாக வந்தது, மனப்பாடமும் ஆனது. வானொலியில் ஒலிச்சித்திரம் போட்டார்கள். கல்யாண வீட்டு மைக்செட்டில் ‘திருவிளையாடல்’ வசனம் முழுசும் ஓடும். அதாவது, கண் இல்லாமல் காதால் மட்டும் பார்க்கும் சினிமா ஒன்றை நாம் தயாரித்துவிட்டோம். காது இல்லாமல் கண்ணால் மட்டும் கேட்கும் சினிமாவை மட்டும் தயாரிக்கவில்லை. பாட்டுப் புத்தகம் அதற்கு மிக அருகில் வந்தது என்று சொல்லலாம், ஆனால் அது கேட்டவன் திரும்பப் பாடுவதற்காக அச்சிட்டது.

இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது கோட்பாட்டு ஆர்வமல்ல, ஒரு பெட்டி. சின்னாளப்பட்டியில் என் சித்தப்பா திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றில் இருபத்தேழு வருடம் சைடராக இருந்தவர். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சுதான். அதுவும் மில்லுப் பஞ்சு. இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. அவருக்காக யாரும் எதையும் அறிவிக்கவில்லை. இந்த வகைச் செவிடு ஒரு விசித்திரம். முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உச்ச ஒலிகள். உயிரொலிகள் கேட்கும், ச, த, க போன்ற மெய்கள் கரைந்துபோகும். “சத்தம் கேக்குதுடா, பேச்சுதான் கேக்கல” என்பார். வீட்டில் டிவி சத்தத்தை ஏற்றினால் அவருக்குப் பயனில்லை, அடுத்த வீட்டுக்காரருக்குத் தலைவலி.

ஓய்வுபெற்ற பிறகு அவர் செய்தித் தொலைக்காட்சிக்கு மாறிவிட்டார். ஏன் என்று எனக்கு ரொம்பநாள் தெரியாது. திரையின் அடியில் ஓடும் வரிதான் காரணம். தங்கம் விலை, அணை நீர்மட்டம், விபத்தில் எத்தனை பேர் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் சித்தி பார்க்கும் தொடரில் யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாது. ஒரு மனிதனின் ரசனை என்று நாம் நினைப்பது, எழுத்து எங்கே கிடைக்கிறது என்ற விஷயமாகவும் இருக்கலாம். ஒருநாள் என்னிடம் கேட்டார்: “பதிவு பண்ற பெட்டி வந்திருக்காமே தம்பி. எழுத்தோட பதிவு பண்ணுமா?”

இந்தக் கேள்விக்கு நாற்பது வருட வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1980 மார்ச்சில், விரும்பினால் மட்டும் தெரியும் வசனவரிகள் தொடங்கின. படத்தின் மேல் விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத 21ஆவது வரியில் எழுத்துத் தரவை ஒளித்து அனுப்புவார்கள்; தனிப் பெட்டி ஒன்று அதைப் பிரித்துக் காட்டும். பிரிட்டனில் பிபிசி வேறு வழியில் போனது. டெலிடெக்ஸ்டில் 888ஆம் பக்கத்தைத் திறந்தால் வசனம் வரும். இரண்டும் நேரலையில் ஒரே வேலையைத்தான் செய்தன. வித்தியாசம் டேப்பில் பதிவு செய்யும்போது வந்தது. அமெரிக்க முறையில் தரவு விநாடிக்குச் சுமார் 5 லட்சம் பிட் வேகம். சாதாரண விஎச்எஸ் டேப் அதைத் தாங்கும். டெலிடெக்ஸ்டின் வேகம் சுமார் 69 லட்சம். டேப்பில் படம் பதியும், எழுத்து சிதைந்துபோகும். ஆக, அமெரிக்கக் காதுகேளாதவர் டேப்பை மறுநாள் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டிஷ்காரர் நேரலையில் பார்த்தால் உண்டு. இல்லையென்றால் வசனத்தைப் படத்தோடு சேர்த்தே பதியும் விலை கூடிய கருவியைத் தேட வேண்டும். டிஜிட்டல் பதிவுக் கருவிகள் வந்தபோதும் இதே பேதம் தொடர்ந்தது. சில கருவிகள் வசனத் தரவையும் சேர்த்துச் சேமித்தன, சில படத்தையும் ஒலியையும் மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்தைத் தேவையற்ற சுமையாகக் கழித்துக் கட்டின. வாங்குகிறவருக்கு இது பெட்டியின் மேல் எழுதியிருக்காது. வடிவமைத்தவனின் மனதில் இருந்த பார்வையாளன் யார் என்பதே கருவியின் இலக்கணமாகிறது.

அமெரிக்காவின் 1990ஆம் வருடச் சட்டம் இன்னொரு படி மேலே போனது. 1993 ஜூலையிலிருந்து, 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லாத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் வசனவரியைப் பிரிக்கும் சில்லு உள்ளேயே இருக்க வேண்டும். தனிப்பெட்டி என்ற அடையாளக்குறி ஒழிந்தது. எல்லோருடைய பெட்டியும் காதுகேளாதவருடைய பெட்டியாயிற்று. 2006இலிருந்து தமிழக அரசு வீடுவீடாகக் கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலம். அந்தச் சட்டம் இங்கே இருந்திருந்தால் அந்த அளவுப் பெட்டியும் அதற்குள் வந்திருக்கும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளுக்கு டெண்டர் விட்ட அரசு கேட்டால் எந்தக் கம்பெனிதான் மாட்டேன் என்றிருக்கும்? பிரச்சினை சில்லில் இல்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தமிழ் எழுத்து அப்போது முடியாது என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. 21ஆவது வரி முறை ரோமன் எழுத்துக்கென்று பிறந்தது. டெலிடெக்ஸ்டில் கிரேக்கம், சிரிலிக், அரபு எல்லாம் வந்தன, தமிழ் வரவில்லை. எங்கள் ஊரில் எண்பதுகளில் வாடகைக்கு டெக் எடுத்து விடியவிடியப் படம் போட்ட இரவுகளில், அந்த டேப்புகளில் தமிழ் எழுத்து வந்திருக்க வழியே இல்லை. ஆனால் டிஜிட்டல் ஒளிபரப்புக்கான ஐரோப்பிய நியமம் 1997இல் வேறொன்றைச் செய்தது. எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் சிறு படமாக அனுப்பலாம். படத்துக்கு மொழி கிடையாது. தமிழ், பர்மியம், எதுவும் போகும். இந்தியாவின் டிடிஎச்சும் டிஜிட்டல் கேபிளும் இந்தக் குடும்பத்து நியமத்தில்தான் ஓடுகின்றன. அனலாக் கேபிளை மூடும் வேலை 2012இல் பெருநகரங்களில் தொடங்கியது; சிற்றூர்களுக்கான கடைசிக் கெடு 2017 மார்ச் 31. அதே வருடம் அரசு கேபிள் நிறுவனம் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து தொழில்நுட்பம் என்ற சாக்கு செல்லாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, செவித்திறன் குறைந்தோர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சைகைமொழி பெயர்ப்பு அல்லது வசனவரியோடு பார்க்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. இந்த ‘அல்லது’ என்ற சொல்லில்தான் என் சித்தப்பா காணாமல் போகிறார். பிறவியிலேயே கேளாமல் சைகைமொழியில் வளர்ந்தவர் ஒரு மொழிச் சமூகத்தைச் சேர்ந்தவர். ஐம்பது வயதில் மில்லில் காதை விட்டவருக்குச் சைகைமொழி தெரியாது. அவருக்கு மிஞ்சியிருப்பது அச்சுத் தமிழ். இரண்டு வேறு மனிதர்களை ஒரே ‘அல்லது’வால் கட்டினால், ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கும் கொடுத்ததாகக் கணக்குக் காட்டலாம். தூர்தர்ஷன் 1987இல் வாராந்திரச் சைகைமொழிச் செய்தி தொடங்கியபோதே இந்தக் குழப்பம் இருந்தது. 2019 செப்டம்பரில் ஒலிபரப்பு அமைச்சகம் விதிமுறைகள் வெளியிட்டது. சைகைமொழியோ வசனவரியோ, எதைக் கொடுப்பது என்ற தேர்வு அங்கும் ஒளிபரப்புபவர் கையில்தான்.

எண்ணிக்கையிலும் இதே விளையாட்டு. 2001 கணக்கெடுப்பில் இந்தியாவில் செவித்திறன் குறைந்தோர் 12.6 லட்சம். 2011இல் 50.7 லட்சம். பத்து வருடத்தில் நாட்டின் காதுகள் நான்கு மடங்கு பழுதாகிவிடவில்லை. வரையறையும் கேட்ட விதமும் மாறின. கேள்வியை மாற்றினால் மனிதர்கள் முளைக்கிறார்கள்.

வசனவரி என்பதே நம் பக்கத்தில் மொழிபெயர்ப்பாக மட்டும் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது என்பது இதில் சேர்ந்த இன்னொரு சிக்கல். தமிழ்ப் படத்துக்கு அடியில் ஆங்கிலம் வருகிறது, விழாவுக்கும் வெளிநாட்டுக்கும். தமிழுக்கு அடியில் தமிழ் என்றால் ‘எதுக்கு?’ என்று சிரிக்கிறார்கள். அகமதாபாத்தில் பிரிஜ் கோத்தாரி 1996இலிருந்து இதைத்தான் வலியுறுத்தினார். 2002இல் தூர்தர்ஷனின் ‘சித்ரஹாரில்’ இந்திப் பாட்டுக்கு அடியில் இந்தியே ஓடியது. நோக்கம் எழுத்தறிவு, காதல்ல. ஆனாலும் அதே மொழியில் எழுத்து என்ற எண்ணம் அபத்தமானதல்ல என்று அது காட்டியது. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, கணக்கு நோட்டில் தமிழ் எழுதும் தறிக்காரக் குடும்பங்கள் நிறைந்த எங்கள் ஊரில், பேசுவதும் எழுதுவதும் வேறுவேறாக இருப்பது ஒன்றும் புதுமையில்லை. 2023 ஜனவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் ஓர் இந்திப் படம் இணையத்தில் வெளியாகும்போது இந்தியிலும் வசனவரி வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

திண்டுக்கல்லில் கடைகடையாக ஏறினோம். “சப்டைட்டில் பட்டன் இருக்குங்க சார்” என்று எல்லோரும் ரிமோட்டைக் காட்டினார்கள். பட்டன் உண்மை. அமுக்கினால் ‘இல்லை’ என்று வரும். ஆங்கிலச் சானல்கள் சிலவற்றில் வரும் எழுத்தோ படத்திலேயே பதிந்தது. பட்டனுக்கும் அதற்கும் தொடர்பில்லை, எந்தப் பெட்டியில் பதிந்தாலும் தானே வரும். வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் சொல்வதை நம்பாமல் அங்கேயே பதிவு செய்து போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்: எழுத்து பதிவில் இருக்கிறதா, வேண்டும்போது அணைத்துப் போட முடிகிறதா, பென்டிரைவை வேறு டிவியில் செருகினால் படம் வருகிறதா என்று. பெரும்பாலான டிடிஎச் பெட்டிகளின் பதிவு பூட்டப்பட்டது, அதே பெட்டியில்தான் ஓடும். இவையெல்லாம் சரியான கேள்விகள்தாம், கேட்டுத்தான் ஆக வேண்டும். பதிவதற்குத் தமிழ் எழுத்து அனுப்பப்படுவதே இல்லை என்பதால், மிகச் சரியான பெட்டியை வாங்கினாலும் சித்தப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனாலும் வாங்கினார். நிறுத்திவைக்கலாம், பின்னால் தள்ளலாம் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. ராத்திரி ஊரடங்கிய பிறகு தொடரைப் போட்டு, புரியாத இடத்தில் நிறுத்துவார். சித்தி பழைய பாவுக் கணக்கு நோட்டில் அந்த வசனத்தை எழுதிக் காட்டுவாள். அரைமணி நேரத் தொடர் ஒன்றரை மணி நேரம் ஓடும். மூன்று நோட்டு தீர்ந்துவிட்டது.

தொடருக்கு வசனம் எழுதும் நண்பர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களிலும் இருக்கிறார்கள். படப்பிடிப்புக்கு முன் தாளில் எழுதி, தட்டச்சு செய்து, நடிகருக்குக் கொடுத்த பிறகுதான் அந்த வசனம் பேசப்படுகிறது என்று ஒருநாள் சித்தியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எழுதி வச்சுத்தான் பேசுறாகளா? அப்ப அந்தப் பேப்பரைக் கீழ ஓட்டிவிட்டா என்னவாம்?”