கோழிக்கூண்டில் ஒரு கலைக்கூடம்

இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த ஒயிட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். பிறந்தது நம் கல்கத்தாவில், 1815-இல். 1863-ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய மகளும் மருமகனும் அவருக்கு ஒரு நிழற்படக் கருவியைப் பரிசளித்தனர். கணவர் தம் காப்பித் தோட்டங்களைப் பார்க்க இலங்கை சென்றிருந்த காலம் அது. தனிமையில் அன்னைக்குப் பொழுது போகட்டுமே என்பதுதான் பிள்ளைகளின் எண்ணம். அப்போது அவருக்கு வயது 48.

விளையாட்டாகத் தொடங்கியது வீட்டையே ஆட்கொண்டது. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூண்டிலிருந்து கோழிகள் வெளியேற, அது படப்பிடிப்புக் கூடமாயிற்று. அந்நாளில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைநீர்மத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். தம் முதல் படத்தை அவர் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார். ஈரப் பக்கத்தில் கை பட்டுவிட்டது! ஆயினும் தளரவில்லை. 1864 சனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் நன்கு அமைந்தபோது, அதையே தம் முதல் வெற்றி என்று குறித்து வைத்தார்.

வில்லையைத் திருகித் திருகி உருவம் கூர்மை பெறும் இடத்தில் நிறுத்துவதே பிறர் வழக்கம். இவரோ தம் கண்ணுக்கு எங்கே அழகு தோன்றியதோ அங்கேயே நிறுத்திக்கொண்டார். தொடக்கத்தில் அது தற்செயலே என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மங்கலான முகங்களையும் தகட்டில் பதிந்த கறைகளையும் கண்டு நிழற்பட இதழ்கள் எள்ளின. ஆனால் 1865-இலேயே இலண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை விலைகொடுத்து வாங்கியது. வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலை 1867-இல் அவர் எடுத்த படத்தைப் பார்ப்போர், அந்த மங்கலைக் குறை என்று சொல்லத் தயங்குவர்.

விளையாட்டு என்றோம், யாருக்கு விளையாட்டு என்றும் கேட்கத் தோன்றுகிறது. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் பலமுறை அன்னை மரியாவாக அமர்ந்தார். சிறுவர்கள் அன்னத்தின் சிறகுகளைக் கட்டிக்கொண்டு வானதூதர்களாயினர். இமை அசையாது நிமிடக்கணக்கில் இருக்க வேண்டும். அம்மையார் மகிழ்ந்து ஆடிய ஆட்டத்தில் மற்றவர் பங்கு பொறுமையே. அந்தப் பொறுமையும் அப்படங்களில் பதிந்துள்ளது என்றே நாம் கருதுகிறோம்.

1875-இல் கணவருடன் இலங்கையில் குடியேறினார். அங்கே எடுத்தவற்றில் எஞ்சியவை சிலவே. 1879-இல் மலைநாட்டில் மறைந்த அவருடைய கல்லறை பொகவந்தலாவையில், தூய மரியாள் ஆலய வளாகத்தில் இருக்கிறது. 1878-இல் அவர் எடுத்த படமொன்று, ‘களுத்துறை உழவர் குழு’ என்னும் தலைப்பில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. மேரி ஹில்லியரின் பெயரை நாம் அறிவோம். அந்த உழவர்களின் பெயர்கள் தலைப்பில் இல்லை.