‘எனக்குக் கிளி வேணும்!’ - அடம்பிடிக்கும் குழந்தைக்கு என்ன பதில் சொல்லலாம்?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சந்தைக்கோ, திருவிழாவுக்கோ குழந்தையைக் கூட்டிட்டுப் போறீங்க. கூண்டில் ஒரு பச்சைக்கிளி கண்ணில் பட்டால் போதும், ‘எனக்கு வேணும்’ என்று ஆரம்பித்துவிடும். ‘விலை ஜாஸ்தி’, ‘அப்பா திட்டுவார்’ என்று சமாளித்தால் அடுத்த மாசமும் அதே அடம்தான். உண்மைக் காரணத்தையே சொல்லிப் பாருங்க. அதில் சட்டம், ஆரோக்கியம், கருணை மூன்றுமே இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்ம ஊர்ப் பச்சைக்கிளி, மைனா, முனியா போன்ற பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வளர்ப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம். 2022-ல் திருத்தப்பட்ட இந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பச்சைக்கிளி இருக்கிறது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘அதிர்ஷ்டம்’ என்று ரகசியமாக விற்கப்படும் நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்குக் குறைந்தபட்சமே 3 ஆண்டு சிறை.

லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல் போன்றவை வெளிநாட்டு இனங்கள், கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்படுபவை. அவற்றை வளர்க்கத் தடையில்லை. ஆப்பிரிக்கன் கிரே போன்ற கிளிகளுக்கு மட்டும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு அவசியம்.

கூண்டுக்குள் வருவது எப்படி?

பட்டுப்போன பனைமரப் பொந்துகள் கிளிகளுக்குப் பிடித்த வீடு. கண் திறக்காத, இறகு முளைக்காத குஞ்சுகளை அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். சின்னப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுபோகும்போதே பல குஞ்சுகள் செத்துப்போகும். பிழைத்தவற்றுக்கு இறக்கை வெட்டப்படும். ‘இந்தக் கிளியோட அம்மா இன்னும் பொந்துகிட்ட தேடிட்டு இருக்கும்ல?’ என்று கேட்டுப் பாருங்க. ஆறு வயசுக் குழந்தைக்கும் புரியும்.

நோய் எங்கிருந்து வருகிறது?

புதிதாக மனிதர்களைத் தாக்கும் நோய்களில் நான்கில் மூன்று விலங்குகளிடமிருந்து வருபவை என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். காட்டில் தனித்தனியாக வாழும் உயிர்களைப் பிடித்து, பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் பட்டினியோடும் பயத்தோடும் அடைத்தால் அவற்றின் எதிர்ப்புசக்தி குறையும். கிருமி ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவ அதைவிட வசதியான இடம் கிடையாது. 2002-ல் சீனாவின் குவாங்டாங்கில் தொடங்கிய சார்ஸ் நோயின் கிருமி, சந்தையில் விற்கப்பட்ட புனுகுப்பூனைகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோயில் 774 பேர் இறந்தார்கள். கொரோனா எப்படித் தொடங்கியது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும், 2020 பிப்ரவரியிலேயே காட்டு விலங்குகளை உணவுக்காக விற்பதற்குச் சீனா தடை போட்டது.

வீட்டுக்குள்ளும் ஆபத்து உண்டு. கிளியின் காய்ந்த எச்சத் தூசியைச் சுவாசித்தால் ‘சிட்டகோசிஸ்’ என்ற நுரையீரல் தொற்று வரலாம். ஆமைகள் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். குட்டி ஆமைகளைக் குழந்தைகள் வாயில் வைத்ததால் நோய் பரவி, 1975-ல் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க அமெரிக்கா தடை விதித்தது.

பக்கத்திலேயே இருக்கும் பாடம்

வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தாதீங்க. மாற்று ஒன்றையும் காட்டுங்க. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சுமார் 35 கி.மீ. அங்கிருந்து வானூர் பக்கமாக விரியும் கழுவெளி, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. வலையும் கண்ணியும் வைத்துப் பறவை பிடிப்பது அங்கே வனத்துறைக்குப் பழைய தலைவலி. ‘காட்டுப் பறவைக் கறி’ என்று யாராவது கொடுத்தால் தொடாதீங்க. குளிர்காலத்தில் குழந்தையோடு போய்த் தூரத்திலிருந்து பூநாரைகளைப் பாருங்க.

சென்னை சாலையில் போனால் மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல். பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதால் ஊர் மக்கள் புகார் செய்ய, 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது.

விற்பவரைத் திட்டவும் குழந்தைக்குக் கற்றுத்தர வேண்டாம். பாம்புத்தோல் வியாபாரத்தை நம்பியிருந்த இருளர்கள், அது தடை செய்யப்பட்டபின் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து விஷமுறிவு மருந்துக்குத் தருகிறார்கள். எடுத்து முடித்ததும் பாம்புகளைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பிழைப்புக்கு வேறு வழி கிடைத்தால் மனிதர்கள் மாறுவார்கள் என்பதையும் குழந்தை தெரிஞ்சுக்கட்டும்.

வீட்டில் பழக்க வேண்டியவை

* மொட்டைமாடியில் மண் சட்டியில் தண்ணீர் வைக்கும் வேலையைக் குழந்தையிடமே கொடுங்க. தினமும் கழுவி மாற்றணும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவணும்.
* இறகு முளைத்த குஞ்சு கீழே கிடந்தால் வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். அது பறக்கப் பழகும் பருவமாக இருக்கலாம். நாய், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு நகருங்க. தாய் வரும்.
* வௌவால் கடித்த பழத்தைச் சாப்பிடக்கூடாது. விழுந்து கிடக்கும் வௌவாலை வெறும் கையால் தொடக்கூடாது.
* நாய், பூனை, குரங்கு கடித்தாலோ, பிறாண்டினாலோ மறைக்காமல் சொல்லச் சொல்லுங்க. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போகணும்.
* ஏற்கெனவே கிளி வளர்க்கிறீங்களா? திடீரெனத் திறந்துவிட்டால் அதற்கு இரை தேடத் தெரியாது. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்க.

அன்பு என்றாலே பிடித்துக் கொஞ்சுவது என்று குழந்தைகள் நினைக்கும். காட்டு உயிர்களிடம் அன்பு காட்ட தள்ளி நின்று பார்த்தாலே போதும். அந்த இடைவெளிதான் கிளியைப் பொந்தில் வைத்திருக்கும், நோயை நம் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தும். அடுத்த முறை கூண்டைப் பார்க்கும்போது, ‘பாவம்மா, அதை விட்டுடச் சொல்லு’ என்று உங்க பிள்ளை சொன்னால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.