மருந்தும் அளவும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு தென்காசி சாலையில் போயிருக்கிறீர்களா? ராஜபாளையம் தாண்டினால் சேத்தூர், அப்புறம் சிவகிரி, அதற்கும் தெற்கே வாசுதேவநல்லூர். வலது கைப்பக்கம் கூடவே வரும் மேற்குத் தொடர்ச்சி மலை. பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் முடிந்துவிடுகிற தூரம்தான். ஆனால், 1755 முதல் 1767 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகள் இந்தப் பக்கம் திரும்பத் திரும்ப வரவேண்டியிருந்தது. அதில் ஒரு முக்கியமான கட்டத்தில் அவர்கள் காலை வாரிவிட்டது எது தெரியுமா? மருந்து!

காய்ச்சலுக்குச் சாப்பிடுகிற மருந்து இல்லை. துப்பாக்கி மருந்து. வெடிக்கிற சமாச்சாரத்துக்கு மருந்து என்று பெயர் வைத்த நம் ஆட்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. அளவு! குறைந்தால் வேலை செய்யாது. கூடினால் ஆளைக் காலி செய்துவிடும்.

1759-ம் வருஷம், டிசம்பர் மாதம். கம்பெனி சிப்பாய்களின் தளபதி யூசுப் கான், அதாவது நாம் மருதநாயகம் என்று சொல்கிறோமே அவர்தான், வாசுதேவநல்லூர்க் கோட்டையைச் சுற்றி வளைத்தார். அது பூலித்தேவரின் கோட்டை. கல் கோட்டை அல்ல, மண் கோட்டை. யூசுப் கானிடம் பீரங்கிகள் பல இருந்தாலும் அந்தச் சுவரை அசைக்கிற அளவுக்குப் பெரியது ஒன்றே ஒன்றுதான். பதினெட்டு ராத்தல் குண்டு போடுகிற பீரங்கி. அதை மேடை கட்டி ஏற்றி நிறுத்திய மறுநாளே அது வெடித்துச் சிதறியது! டிசம்பர் 26-ம் தேதிக்குள், ஆபத்துக்கு என்று ஒதுக்கி வைத்த கையிருப்பு தவிர மற்ற மருந்தும் தீர்ந்தது. அந்தக் காலத்துச் சரித்திர ஆசிரியர் ராபர்ட் ஓர்ம் இதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். வேறு வழியில்லாமல் நேரடியாகக் கோட்டை மேல் பாய்ந்தார்கள். பூலித்தேவரின் ஆட்கள் பின்பக்கமாக வந்து முகாமைத் தாக்க, யூசுப் கான் பெரிய சேதத்தோடு பின்வாங்க வேண்டியதாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. நான் படித்தது பி.காம். அதனால் எதைப் படித்தாலும் கண் சரக்கு இருப்புக் கணக்குக்குத்தான் போகும். துப்பாக்கி மருந்தில் மூன்று சரக்குகள்: வெடியுப்பு, கந்தகம், கரி. முக்கால்வாசி வெடியுப்புதான். அன்றைக்கு உலகத்திலேயே நல்ல வெடியுப்பு கிடைத்த இடம் நம் பீகார். பிளாசிப் போருக்குப் பிறகு 1758-ல் மீர் ஜாஃபரிடம் பேசி, அந்த வியாபாரத்தை முழுக்கத் தன் கைக்குள் போட்டுக்கொண்டது கம்பெனி. உலகத்துக்கே வெடியுப்பு விற்ற முதலாளியின் தளபதி, அடுத்த வருஷமே வாசுதேவநல்லூரில் மருந்து இல்லாமல் நின்றார்! குடோனில் மலைபோல் சரக்கு இருந்து என்ன பிரயோஜனம்? கவுன்ட்டருக்கு வந்து சேர வேண்டாமா?

சரி, பீரங்கி ஏன் வெடிக்கிறது? அந்தக் காலத்தில் மூன்று காரணங்கள் உண்டு. வார்ப்பில் குறை இருக்கலாம். ஓயாமல் சுட்டு உலோகம் களைத்துப் போயிருக்கலாம். மூன்றாவது, மருந்து. அளவு தப்பியிருக்கலாம், ரகம் தப்பியிருக்கலாம்.

ரகமா? மருந்து என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ராஜபாளையத்தில் அந்தப் பெரியவரைப் பார்க்கிற வரைக்கும்.

எண்பதைத் தாண்டியவர். அந்த நாளில் அவர் வீட்டில் உரிமம் உள்ள நாட்டுத் துப்பாக்கி இருந்ததாம். குழல் வாய் வழியாக மருந்தைப் போட்டு, தக்கை வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற ரகம். ராஜபாளையம் நாய் முன்னால் ஓட, முயல் வேட்டைக்குப் போன குடும்பம். 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது. துப்பாக்கியையும் ஒப்படைத்துவிட்டார்கள்.

"தம்பி, நீங்க ரவை பாத்திருக்கீங்க, குருணை பாத்திருக்கீங்க. மருந்தும் அப்படித்தான். மாவா இருந்தா ஒரு வேகம், குருணையா இருந்தா ஒரு வேகம். எந்தத் துப்பாக்கிக்கு எதுன்னு தெரியாம கையை வைக்கக்கூடாது" என்றார்.

எவ்வளவு பெரிய விஷயத்தை அரிசியில் வைத்துச் சொல்லிவிட்டார்! மருந்து எப்போதும் மேல்பரப்பிலிருந்துதான் எரியத் தொடங்குகிறது. பொடியாக இருந்தால் மேல்பரப்பு அதிகம், சட்டென்று எரிந்துவிடும். பெரிய குருணையாக இருந்தால் நிதானமாக எரியும். பீரங்கிக்குப் பெரிய குருணை, துப்பாக்கிக்குச் சின்னது, பற்றவைக்கிற கிண்ணத்துக்கு அதைவிடப் பொடி. பீரங்கியில் போய் பொடி மருந்தைக் கொட்டினால் குண்டு நகர்வதற்குள் உள்ளே அழுத்தம் எகிறிவிடும். அப்புறம் குண்டு போகாது, குழல்தான் போகும். 1860 வாக்கில் அமெரிக்க ராணுவத்தின் தாமஸ் ராட்மன் இன்னும் ஒரு படி மேலே போனார். பெரிய பீரங்கிகளுக்காக நடுவில் ஓட்டை போட்ட மருந்துக் கட்டிகளைச் செய்தார். எரிய எரிய ஓட்டை பெரிதாகும், அழுத்தம் ஒரே சீராக இருக்கும்.

அளவு விஷயத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சிப்பாய் சண்டையின் நடுவே நின்று அளந்துகொண்டிருக்க முடியுமா? ஒரு தடவைக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார்கள். அதுதான் தோட்டா. 1857-ல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்தார்களே, அதே காகிதத் தோட்டாதான். கொழுப்பைப் பற்றிப் பேசிப் பேசி, உள்ளே ஒருத்தர் ஒழுங்காக அளந்து வைத்த மருந்து இருந்ததை நாம் மறந்தே போனோம்.

பெரிய ஆபத்து அதற்கப்புறம்தான் வந்தது. 1884-ல் பிரான்ஸில் பால் வியெய் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். 1889-ல் இங்கிலாந்தில் ஏபெல், டிவார் இருவரும் கார்டைட் செய்தார்கள். பழைய கருமருந்தைவிடப் பல மடங்கு வீரியம். வீரியம் கூடினால் விலை கொடுக்க வேண்டும் இல்லையா? பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிள் 1888-ல் கருமருந்துக்காகச் செய்தது. அதில் கார்டைட்டைப் போட்டார்கள். அதன் சூட்டில் குழலுக்குள் இருந்த வரிகள் சீக்கிரமே தேய்ந்துபோயின. கடைசியில் குழலை மாற்றி 1895-ல் லீ-என்ஃபீல்ட் கொண்டுவந்தார்கள். மருந்துக்காகத் துப்பாக்கியே மாறியது! அந்தக் கார்டைட்டை நம் ஊரிலேயே செய்ய, நீலகிரி அருவங்காட்டில் தொழிற்சாலை எழுந்தது. 1904-ல் உற்பத்தி ஆரம்பம். ஊட்டி ரயிலில் போகிறபோது பார்த்திருப்பீர்கள்.

இன்றைக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில் சுட்ட தோட்டாவின் கூட்டை எடுத்து வைத்து, வீட்டிலேயே மருந்து நிரப்பிக்கொள்கிற பொழுதுபோக்கு உண்டு. புதிதாக வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி, எந்த மருந்து வாங்குவது? அதற்கு அவர்களிடம் அச்சிட்ட அட்டவணைகள் இருக்கின்றன. இந்தத் துப்பாக்கிக்கு, இந்தக் குண்டு எடைக்கு, இந்த மருந்து, இத்தனை கிரெயின். ஒரு கிரெயின் என்பது நம் குன்றிமணி எடையில் பாதி. அந்தப் பாதிக் குன்றிமணியையும் தராசு வைத்துத்தான் போட வேண்டும். ஊகத்துக்கு இடமே கிடையாது. நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதே குற்றம். அதனால் இந்தக் கேள்வி நமக்கு வருவதில்லை. ஆனால், வந்த ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதை அந்தப் பெரியவர் சொன்னார்.

பட்டாளத்திலிருந்து வந்த யாரோ ஒருவர் கொடுத்த ரைஃபிள் தோட்டா. அவருடைய அண்ணன் அதைப் பிரித்து, உள்ளே இருந்த மருந்தை நாட்டுத் துப்பாக்கிக்குள் கொட்டியிருக்கிறார். வழக்கமாகக் கருமருந்து போடுகிற அதே அளவு.

"கறுப்பு மருந்து தீந்து போச்சு, இதுவும் மருந்துதானேன்னு நெனச்சிட்டாரு தம்பி. அவ்வளவுதான். குழல் பூவா விரிஞ்சு போச்சு. எடது கையில ரெண்டு விரல் இல்ல. அதுக்கப்புறம் அண்ணன் துப்பாக்கியைத் தொடவே இல்ல."

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் பழமொழி. அந்த அண்ணன் அளவை மீறவில்லையே! பழைய அளவையேதான் போட்டார். மருந்து மாறினால் அளவும் மாறும் என்பது தெரியவில்லை, அவ்வளவுதான். இதுவும் மருந்துதானே என்கிற அந்த ஒரு வார்த்தைக்கு விலை, இரண்டு விரல்.

கிளம்பும்போது பெரியவர் உள்ளே போய் ஒரு சின்ன மூங்கில் குப்பியைக் கொண்டுவந்து காட்டினார். கட்டை விரல் நீளம்தான். அவர் அப்பா செதுக்கியதாம். அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டுமேயான அளவு. பக்கத்து வீட்டுத் துப்பாக்கிக்குக்கூட அது உதவாது.

"துப்பாக்கிதான் போயிருச்சு. இதைப் போட மனசு வரல" என்றார்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எடையே இல்லை.