கரமனைத் தேர்வறையும் காற்றும்

2020 ஜூலை 16 அன்று கேரளத்தின் பொறியியல் நுழைவுத் தேர்வான 'கீம்' நடைபெற்றது. திருவனந்தபுரம் மாநகரம் அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே 'டிரிபிள் லாக்டவுனில்' இருந்தது. தேர்வைத் தள்ளிவைக்கும்படி எழுந்த கோரிக்கைகளை அரசு ஏற்கவில்லை. சில நாள்களுக்குள் தலைநகரில் தேர்வெழுதிய இரு மாணவர்களுக்குக் கொரோனாத் தொற்று உறுதியாயிற்று. ஒருவர் தைக்காட்டு மையத்திலும் மற்றவர் கரமனை மையத்திலும் எழுதியவர்கள். கரமனையில் எழுதியவர் தனியறையில் அமர்த்தப்பட்டிருந்தார் என்றும், ஆகவே அங்கு அச்சத்திற்கு இடம் குறைவு என்றும் அந்நாளைய செய்திகள் கூறின. தைக்காட்டில் எழுதியவரோ பிறரோடு ஒரே அறையில் இருந்தவர். உடன் எழுதியோரைக் கண்காணிக்க வேண்டியதாயிற்று. ஒரே நகரம், ஒரே வினாத்தாள், ஒரே நோய். இரு மையங்களையும் வேறுபடுத்தியது ஓர் அறைச்சுவர்.

அரசின் துணிவுக்கு முன்னுதாரணம் ஒன்று இருந்தது. மார்ச்சில் பாதியில் நின்ற எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ தேர்வுகளை மே 26 முதல் 30 வரை, ஏறத்தாழ 13 லட்சம் மாணவர்களைக் கொண்டு கேரளம் நடத்தி முடித்திருந்தது. முகக்கவசம், வெப்பமானி, கைகழுவும் நீர், இடைவெளி ஆகியவையே இரு தேர்வுகளுக்கும் விதிகள். ஆனால் மே மாதத் திருவனந்தபுரம் வேறு, ஜூலை மாதத் திருவனந்தபுரம் வேறு. தேர்வுக்கு மறுநாளே பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் நிகழ்ந்துவிட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். ஊரில் நோயாளர் பெருகும்போது, ஒரே விதியைப் பின்பற்றும் அறைக்குள்ளும் தொற்றுடையவர் ஒருவர் வந்தமர்வதற்கான வாய்ப்புப் பெருகுகிறது. மே மாத வெற்றியை விதிகளின் வெற்றியாக மட்டும் கொண்டது பிழையான கணக்கு.

மக்களின் சினம் முழுவதும் பட்டம் பகுதிப் பள்ளி வாயிலில் பெற்றோர் நெருங்கி நின்ற ஒளிப்படத்தின் மீது பாய்ந்தது. பெற்றோர் பலர்மீது காவல்துறை வழக்கும் பதிந்தது. அந்நெரிசல் கண்டிக்கத்தக்கதே. ஆயினும் வாயிலில் நின்ற சில நிமிடங்களைவிட, காலையும் மாலையுமாக இரண்டரை மணி நேரம் இருமுறை அடைந்திருந்த அறைகளே கூடுதலாகக் கேள்விக்கு உள்ளாகியிருக்க வேண்டும். வெட்டவெளியில் மூச்சுத்துளிகள் விரைவில் கலைந்துபோகும். சன்னல் மூடிய அறையில் நுண்துளிகள் நெடுநேரம் மிதக்கும். இதை உலக சுகாதார நிறுவனம் உரியவாறு ஏற்க வேண்டுமென லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்ட்டன் ஆகியோர் எழுதி, 239 அறிவியலாளர் ஆதரித்த மடல் வெளியானது 2020 ஜூலை 6. திருவனந்தபுரம் அடைக்கப்பட்டதும் அதே நாள்தான்! மடல் வந்து பத்து நாளில் நடந்த தேர்விலும் பேச்செல்லாம் கை கழுவுதலைப் பற்றியும் இடைவெளியைப் பற்றியுமே இருந்தது. காற்றைப் பற்றி அரிதாகவே எவரும் பேசினர்.

'சமூக இடைவெளி' என்னும் சொல்லாட்சி குறித்தும் இங்கு ஒன்று சொல்லலாம். சாதிக்குச் சாதி இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று ஒருகாலத்தில் வகுத்திருந்த திருவிதாங்கூர் மண்ணில் அச்சொல் வெறும் மருத்துவச் சொல்லாக ஒலிக்க இயலாது. 'உடல் இடைவெளி' என்பதே பொருளுக்கும் வரலாற்றுக்கும் பொருந்துவது.

மூச்சின் வழியே முதன்மையாகப் பரவும் மற்றொரு வைரஸ் நோயான பெரியம்மையைத் திருவிதாங்கூர் எதிர்கொண்ட முறை வேறு. ராணி கௌரி லட்சுமி பாய் ஆட்சியில், 1813இல், அரசே அம்மை குத்தும் பணியைத் தொடங்கியது. 1879ஆம் ஆண்டின் அரசாணை அரசு ஊழியர், கைதிகள், மாணவர் ஆகியோருக்கு அம்மைப்பால் குத்துவதைக் கட்டாயமாக்கியது. கட்டாயப்படுத்த எளிதானவர்களையே ஆணை தேர்ந்தெடுத்தது என்பது உண்மைதான். ஆனால் பலர் நெருங்கி அமரும் இடங்களே நோயின் வாயில்கள் என்பதும் அப்பட்டியலில் புலப்படுகிறது.

2021 நவம்பர் 1 அன்று கேரளப் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது சிறாருக்குத் தடுப்பூசியே இல்லை. 15 முதல் 18 வயதினருக்கு அது 2022 சனவரி 3 அன்றுதான் இந்தியாவில் தொடங்கிற்று. எனவே குழுக்களாகப் பிரித்து, அரைநாள் மட்டும் வகுப்பு நடத்தி, நெரிசலைக் குறைப்பதே வழியாயிற்று. கரமனைத் தனியறையின் தத்துவம் இங்கே வகுப்பு முழுமைக்கும் விரிந்தது. குழந்தைகளைச் சூழ்ந்த பெரியவர்கள் ஊசி போட்டுக்கொள்வது அடுத்த அரணாகக் கருதப்பட்டது. போட்டுக்கொள்ளாத ஆசிரியர்கள் வாரந்தோறும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை செய்துகொள்ள வேண்டுமென அரசு ஆணையிட்டது. டிசம்பர் தொடக்கத்தில் கல்வியமைச்சர் சிவன்குட்டி வெளியிட்ட கணக்கின்படி, அவ்வாறு ஊசி போடாத ஆசிரியரும் ஊழியரும் 1,707 பேர்.