ஒன்பது வண்டி மண்ணும் நாலரை லோடு கழிவும்

வீட்டை இடிக்கப் போகிறவர்கள் எங்களைப் போன்ற கொத்தனார்களிடம் முதலில் கேட்பது, "மேஸ்திரி, கழிவு அள்ள லோடுக்கு என்ன ஆகும்?" என்றுதான். உத்தமபாளையம் பக்கம் என் அய்யா வேலை பார்த்த காலத்தில் வேறு கேள்வி கேட்பார்கள்: "இடிச்ச மண்ணை யாருக்குத் தர்றீக?" மண் வேண்டியவர் தன் செலவில் வண்டி கட்டி வந்து அள்ளிப் போவார். வீட்டுக்காரருக்குச் செலவு இல்லை. ஆள் பார்த்துக் கொடுத்தால் நன்றிக்கடன் வேறு. அந்தக் கணக்கு எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் எப்படித் தலைகீழானது என்று தெரிந்தால்தான் இன்றைய வாடகை எதற்கு என்பது விளங்கும்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். உள்ளளவு பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம், ஒன்றரை அடி கனத்தில் மண் சுவர். நாலு சுவரும் சேர்ந்து 690 கன அடி. கட்டிய சுவரை உடைத்தால் மண் பொதபொதவென்று உப்பும். மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைத்தால் 900 கன அடிக்கு மேல் வரும். நூறு கன அடி ஒரு யூனிட். டிராக்டர் டிரெய்லரில் ஒரு லோடு என்று வைத்துக்கொள்ளலாம். ஆக ஒன்பது லோடு. அதே அறையை முக்கால் அடிச் செங்கல் சுவராகச் சிமெண்டில் கட்டியிருந்தால் சுவர் 320 கன அடிதான். உடைத்தால் நாலரை லோடு. பாதிக்குப் பாதி. ஆனால் ஒன்பது லோடு மண் செலவில்லாமல் போனது. நாலரை லோடு கழிவுக்குத்தான் நாம் பணம் எடுத்து வைக்கிறோம்.

மண் வீட்டை இடித்தது என்று சொல்வதைவிடப் பிரித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கூரையில் ஏறி நாட்டு ஓட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கை மாற்றிக் கீழே அடுக்குவார்கள். பிறகு கைமரம், உத்திரம், நிலை, கதவு. இதெல்லாம் எடுக்கும் முன்பே இன்னார் வீட்டுக்கு என்று பேசி முடிந்திருக்கும். சுவருக்கு முதல் நாள் சாயங்காலம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுவார்கள். மறுநாள் மம்பட்டி போட்டால் தூசி பறக்காமல் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வரும். கல்லைப் பொறுக்கி ஒரு பக்கம் போட்டுவிட்டு மண்ணைத் தனியே குவிப்பார்கள்.

அந்த மண்ணுக்கு வயலில் மதிப்பு இருந்தது. பல வருஷம் அடுப்புப் புகையும் சாம்பலும் பட்ட சுவர். பக்கத்தில் தொழுவம் இருந்தால் மாட்டு மூத்திரமும் அடிச்சுவரில் ஊறியிருக்கும். அதனால் அதில் உப்புச்சத்து ஏறிக் கிடக்கும். இந்தியாவில் வெடியுப்புக் காய்ச்சியவர்கள் பழைய ஊர் மேட்டையும் மண் சுவரையும் தேடிப் போனதற்கு இதுதான் காரணம். இங்கே விவசாயிகள் அதே மண்ணைத் தென்னந்தூருக்கும் கொடிக்காலுக்கும் கொண்டுபோனார்கள். மிஞ்சினால் குழைத்து அடுத்த வீட்டுச் சுவராக்கினார்கள்.

சுண்ணாம்புக் காரை வீட்டிலும் இதே முறைதான். பெயர்ந்த செங்கல் முழுசாக இருந்தால் திரும்பக் கட்ட, உடைந்திருந்தால் சுண்ணாம்போடு கலந்து மேல் தளத்துக்கு ஜல்லியாகப் போட, தூளாகிப்போனால் சுர்க்கி. செங்கல் தூளைச் சுண்ணாம்போடு அரைத்தால் கட்டுமானம் எவ்வளவு தாங்கும் என்று கேட்கிறவர்களுக்கு நம் தலைக்கு மேலேயே பதில் இருக்கிறது. பொறியாளர் பென்னிகுவிக் 1887 முதல் 1895 வரை கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் உள்கட்டு சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். சுண்ணாம்புக்கல் கீழே குருவனூத்துப் பக்கத்திலிருந்து மலை ஏறியது. சுர்க்கி செங்கல்லைப் பொடித்தது. அந்த அணைக்கே 1979க்குப் பிறகு மேலே கான்கிரீட் தொப்பியும் பின்னால் கான்கிரீட் அணைப்பும் வந்தன. அதற்கு முன்பிருந்தே பள்ளத்தாக்கின் வீடுகள் ஒவ்வொன்றாகச் சிமெண்டுக்கு மாறிக்கொண்டிருந்தன.

சிமெண்டு வந்ததும் பழைய சுழற்சி அறுந்தது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல்லை உளியால் தட்டினால் முழுசாகக் கழன்று வரும். சிமெண்டுக் கலவையில் கட்டியது கலவை விடும் முன்பே தான் உடையும். அந்தச் சல்லியை வயலில் போட முடியாது. ஏர் முனை மாட்டும், நாற்று வேர் பிடிக்காது. பிறகு டைல்ஸ், பிளாஸ்டிக் குழாய், ஜிப்சம் பலகை என்று சேர்ந்தன. ஜேசிபி எல்லாவற்றையும் ஒரே வாரலில் கலந்து விடுகிறது. தனித்தனியே இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் வருவான். கலந்த பிறகு எவனும் வரமாட்டான்.

இரும்பு மட்டும் இன்றைக்கும் விதிவிலக்கு. தூணையும் பீமையும் உடைத்துக் கம்பியை உருவ ஆட்கள் தாமே தேடி வருகிறார்கள். கூலியைக் கம்பி விலையில் கழித்துக்கொள்கிறார்கள். இந்தப் பக்கத்துக்கு அது புதிதல்ல. 1928இல் வந்த மதுரை-போடி ரயில் பாதையின் தண்டவாளத்தை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கழற்றிக்கொண்டு போனார்கள். 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். 2010 முடிவில் மீட்டர்கேஜ் நின்றதும் மறுபடி கழற்றினார்கள். அகலப் பாதை தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023இலும் வந்தது. இரண்டு முறையும் தொண்ணூறு கிலோமீட்டர் இரும்பு கிடந்த இடத்திலேயே துருப்பிடித்துப் போகவில்லை. போய்ச் சேர இடம் இருக்கும் பொருள் தன் வண்டிச் சத்தத்தைத் தானே கொடுத்துக்கொள்ளும்.

இடம் இல்லாத பொருளுக்கு நாம் கொடுக்கிறோம். ஒரு லோடு வாடகைக்குள் நாலு செலவு இருக்கிறது. ஒன்று, ஏற்றுகூலி. தேரடித் தெரு மாதிரி அகலமாக இருந்தால் ஜேசிபி வரும். மணிக்கணக்கு வாடகை, வந்து போகும் நேரமும் அதில் சேரும். சந்துக்குள் வீடு என்றால் ஆள் வைத்துச் சட்டியில் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும்; அங்கே ஏற்றுகூலி வண்டி வாடகையைத் தாண்டும். இரண்டு, பாரம். ஒரு யூனிட் கழிவு சுமார் நாலு டன். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். அதனால் மழைக்குப் பிறகு அள்ளினால் நடை கூடும். மூன்று, தூரம். நாலு, கொட்டுகிற இடம். பக்கத்தில் யாராவது புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுப் பள்ளம் நிரப்பக் காத்திருந்தால் மூன்றாவதும் நாலாவதும் மறைந்துவிடும். அதனால்தான் ஒரே தெருவில் ஒரே அளவு வீட்டுக்கு இரண்டு டிராக்டர்காரர்கள் இரண்டு விலை சொல்கிறார்கள். ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். ஒருவருக்குப் பள்ளம் கிடைத்திருக்கிறது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை.

மிகக் குறைந்த விலை சொல்கிறவரிடம்தான் எனக்குப் பயம். அவர் இருட்டிய பிறகு ஓடையிலோ கண்மாய்க் கரையிலோ தட்டிவிட்டுப் போகிறவராக இருக்கலாம். அப்படி நமக்கு மிச்சமாகும் பணத்துக்கு விலை கொடுக்கிறவர்கள் விவசாயிகள். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959இன் 12(2)ஆம் விதிப்படி விவசாயி கண்மாய் வண்டலை இலவசமாக எடுக்கலாம்: நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. டிராக்டர் கணக்கில் இருபத்தைந்து லோடும் முப்பது லோடும். 2017இல் குடிமராமத்து திரும்பத் தொடங்கியபோது இந்த வண்டலுக்கு வரிசை நின்றது. அதே கண்மாயின் கரையோரம் டைல்ஸ் துண்டும் கான்கிரீட் கட்டியும் விழுந்தால் அந்தப் பக்கத்து வண்டலை எந்த விவசாயியும் தொடமாட்டார். பழைய வீடு வயலுக்கு மண் கொடுத்தது. இன்றைய வீடு வயலுக்குப் போகவேண்டிய மண்ணையும் கெடுக்கிறது.

சட்டம் இருக்கிறது. கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகள் 2016இல் வந்தன. அவற்றில் நாளுக்கு 20 டன் அல்லது மாதத்துக்கு 300 டன்னுக்கு மேல் கழிவு வரும் வேலைக்குக் கூடுதல் கடமைகள் இருந்தன. தரம் பிரித்துத்தான் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நம் ஊர் வீடு ஒன்றில் 300 டன் வராது, அது எழுபத்தைந்து லோடு. ஆனால் இருபது டன் என்பது ஐந்தே லோடுதான். ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்தால் சாதாரண வீடே அந்தக் கணக்குக்குள் வந்திருக்கும். சிறியவர்களுக்கும் சாலையிலோ வடிகாலிலோ கொட்டக்கூடாது என்ற விதி உண்டு. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கழிவை உடைத்து மறுபடி மணலும் ஜல்லியுமாக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஐந்நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு உத்தமபாளையத்திலிருந்து யார் லோடு அனுப்புவார்?

அதனால் இடிக்கும் முன் இரண்டு வேலை செய்யும்படி வீட்டுக்காரர்களிடம் சொல்கிறேன். ஜேசிபியைக் கூப்பிடும் முன் ஒரு வாரம் ஆள் விட்டு மரம், ஓடு, கம்பி, முழுச் செங்கல், குழாய் எல்லாவற்றையும் பிரித்தெடுங்கள். கூலி போனாலும் லோடு குறையும், சல்லி மட்டும் மிஞ்சினால் பள்ளம் நிரப்பக் கேட்டு ஆள் வரும். பிறகு வண்டிக்காரரிடம் விலையைக் கேட்கும் முன், "அண்ணே, எங்க கொட்டுவீங்க?" என்று கேளுங்கள். இடத்தின் பேரைச் சொல்கிறவர் இருநூறு முந்நூறு கூடக் கேட்டாலும் அவருக்கே கொடுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.