பக்கத்தைப் படிக்கும் பொறி: தமிழ் எழுத்துணரியின் வரலாற்றிலிருந்து

1887 என்பதைத் தமிழ் எண்களில் எழுதினால் ௧௮௮௭. இவ்வாறு ஆண்டு அச்சிடப்பட்ட பழைய நூல் ஒன்றின் முகப்பைப் படமெடுத்து, ஓ.சி.ஆர். எனப்படும் எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்தால், 'கஅஅஎ' என்ற விடை வருவதற்கு மிகுந்த வாய்ப்புண்டு. வடிவத்தை மட்டும் நோக்கினால் பொறியின்மீது குற்றம் சொல்வதற்கில்லை. முகப்பின் அடியில் ஆண்டுதான் இருக்கும் என்பது படிப்பவருக்குத் தெரியும், பொறிக்குத் தெரியாது. தமிழ் எழுத்துணரியின் வரலாறு பெரிதும் இந்த இடைவெளியின் வரலாறே.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ஆர். சந்திரசேகரன், எம். சந்திரசேகரன் ஆகிய மூவரும் அச்சுத் தமிழெழுத்துகளைக் கணினி அடையாளம் காணும் முறை பற்றிய கட்டுரையை 1978இல் வெளியிட்டனர். ஒவ்வோர் எழுத்தையும் சுழியும் ஒன்றுமாகிய கட்டங்களாக்கி, அவற்றைக் குறியீட்டுச் சரமாக மாற்றி, அகராதி ஒன்றோடு ஒப்பிடுவது அவர்கள் வழி. கோலங்களின் இலக்கணத்தையும் பழந்தமிழ்க் கல்வெட்டெழுத்துகளையும் ஆராய்ந்த சிரோமணிக்கு எழுத்தை வடிவமாகக் காண்பது புதிதன்று.

அதே 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. பெரியார் 1935இலேயே குடிஅரசு இதழில் கையாண்ட வடிவங்கள் பாடநூல்களுக்கு வந்தன. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் கொம்பும், ணா, றா, னா ஆகியவற்றின் கூட்டு வடிவமும் பொது வழக்கிலிருந்து மெல்ல மறைந்தன. இதனால், இன்றைய அச்சைக் கொண்டு பயிற்றப்பட்ட எழுத்துணரிக்கு அதற்கு முந்தைய நூல்கள் பாதி அயலானவை. ஒருங்குறியோ பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் ஒரே குறியீட்டைத்தான் தருகிறது. ஆகவே இரு வேறு உருவங்களை ஒரே எழுத்தாகக் கொள்ளப் பொறியைப் பழக்கவேண்டியுள்ளது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே. ஜி. அபர்ணாவும் ஏ. ஜி. இராமகிருஷ்ணனும் முழுமையான தமிழ் எழுத்துணரி அமைப்பொன்றை 2002இல் ஆய்வரங்கில் முன்வைத்தனர். தனி எழுத்தை அறிவதோடு பணி முடிவதில்லை. சாய்ந்த பக்கத்தை நேராக்கவேண்டும். வரி, சொல், குறி எனப் பிரிக்கவேண்டும். எழுத்துகள் 247 என்றாலும் வடிவங்கள் அவ்வளவில்லை. 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்றாகப் பிரியும். ஆனால் கு, டு, மு எனத் தொடரும் உகர வரிசையும் ஊகார வரிசையும் அப்படிப் பிரியா. அவற்றைத் தனித்தனியே கற்பிக்கவேண்டும். கன்னட நகரம் ஒன்றில் வளர்ந்த இந்த ஆய்வு, பின்னர்ப் பார்வையற்ற மாணவருக்கான பிரெயில் நூலாக்கத்துக்கும் உதவியது. இத்துறையில் மிகக் குறைவாகப் பேசப்படும் பயன் இதுவே.

எச்.பி. நிறுவனத்தில் பிறந்து 2005இல் திறமூலமான டெசராக்ட், 2018இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் நரம்பிணைய முறைக்கு மாறி, எழுத்தெழுத்தாக அன்றி வரிவரியாகப் படிக்கத் தொடங்கியது. பிழை குறைந்தது, பிழையின் இயல்பும் மாறியது. முன்பு பிழை பொருளற்ற எழுத்துக்குவியலாகக் கண்ணில் பட்டது. இப்போதோ அரிய சொல்லின் இடத்தில் பழகிய சொல் அமைதியாக வந்து அமரக்கூடும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு இதுவே கடினமானது.

கண்ணுக்குப் புலப்படாத பிழையும் ஒன்றுண்டு. ஔகாரக் குறியும் ளகரமும் பல எழுத்துருக்களில் ஒரே தோற்றமுடையவை. ஆதலால் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' எனப் பதிவாகிவிடும். பக்கத்தில் வேறுபாடு தெரியாது. தேடுபொறிக்கு இவை இரு வேறு சொற்கள். இத்தகைய திருத்தப்படாத பனுவல்களே இன்று தரவகங்களாகத் திரட்டப்படுகின்றன. ஒரு சொல் எந்தப் பத்தாண்டில் முதன்முதலாக அச்சேறியது, எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கைகளும் அவற்றிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அந்த எண்ணிக்கையில் 'கௌரவம்' இருக்கும், 'கெளரவம்' விடுபட்டிருக்கும்.