சிறு நினைவகமும் சிக்கன மென்பொருளும்

நம் கழகத்தின் மாலை வகுப்பிற்கு ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் தம் மடிக்கணினியை அளித்தார். 2005-இல் வாங்கப்பெற்றது, நினைவகம் 512 மெகாபைட். அதிலிருந்த விண்டோஸ் எக்ஸ்பி திறக்கவே பத்து நிமிடம் பிடித்தது. "பிறர் கழித்ததுதானா நமக்கு?" என்றார் மாணவர் ஒருவர். அக்கேள்வி நம்மைத் தைத்தது. பொருள்தான் பழுதுற்றதா, அன்றி அதன்மேல் ஏற்றிய சுமை மிகுந்ததா என்று ஆராயத் தலைப்பட்டோம்.

கணினியின் உறுப்புகளை ஒருங்கே ஆள்வது இயக்க முறைமை. நினைவகம் ஆசிரியரின் மேசை போன்றது. வட்டு அலமாரி போன்றது. மேசை நிறைந்துவிட்டால் ஒவ்வொரு தாளுக்கும் அலமாரிக்கு நடக்க வேண்டும். அந்நடையே நாம் காணும் மந்தம். 2001-இல் வந்த எக்ஸ்பிக்கு 64 மெகாபைட் மேசை போதுமென்றனர். 2021-இல் வந்த விண்டோஸ் 11 கேட்பதோ 4 ஜிகாபைட். அதாவது 64 மடங்கு. கடிதம் எழுதும் வேலையும் 64 மடங்கு பெருகிற்றா என்ன? எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு நின்றன; அதனைக் கொண்டு இணையத்தில் நுழைதல் தகாது.

மாற்று வழி பின்லாந்தில் பிறந்தது. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 4 மெகாபைட் நினைவகமே கொண்ட 386 கணினியில் லினக்ஸின் கருவை எழுதினார். 1992-இல் அது குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. வேண்டாதவற்றைக் களைந்து சிறிதாக்கும் உரிமை எவர்க்கும் உண்டாயிற்று.

அவ்வுரிமையைப் பழங்கணினிகளுக்காகப் பயன்படுத்தியோர் சிலர். ஆஸ்திரேலியாவின் பாரி கவுலர் 2003-இல் பப்பி லினக்ஸை வெளியிட்டார். அது முழுவதும் நினைவகத்திலேயே அமர்ந்து இயங்கவல்லது. ஜான் ஆண்ட்ரூஸின் டாம் ஸ்மால் லினக்ஸ் 50 மெகாபைட்டுக்குள் அடங்கிற்று. அதில் உழைத்த ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் பின்னர் அதனினும் சிறிய டைனி கோரை உருவாக்கினார். டாம் ஸ்மால் லினக்ஸ் 2024-இல் மீண்டும் வந்தபோது அதற்கு விதித்த எல்லை ஒரு குறுந்தட்டு, ஏறத்தாழ 700 மெகாபைட். சிக்கனக்காரர் வீட்டிலும் செலவு ஏறிவிட்டது! லினக்ஸே தான் பிறந்த 386 சில்லுக்கான ஆதரவை 2013-இல் வந்த 3.8 பதிப்பில் கைவிட்டது.

நாம் தேர்ந்தது கிரேக்க நாட்டில் தோன்றிய ஆன்டிஎக்ஸ் 23. முதலில் 64 பிட் பதிப்பை இறக்கி ஓர் இரவை வீணாக்கினோம். நம் கணினியின் சில்லோ 32 பிட். சில்லின் வகையை முன்னரே பார்த்திருக்க வேண்டும். பின்பு உரிய பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்த்து, அதன்பின் நிறுவினோம். தமிழில் தட்டெழுதலும் கணக்குப் பட்டியல் இடுதலும் தடையின்றி நடைபெறுகின்றன. அன்று வினவிய மாணவரே கழகத்தின் கூட்ட அறிவிப்புகளை இப்போது அதில் தட்டெழுதுகிறார்.

எனினும் குறையை மறைத்தல் நேர்மையன்று. இற்றைநாள் இணையப் பக்கங்கள் இரண்டு மூன்றைத் திறந்தாலே உலாவி திணறுகிறது. காணொளிப் பாடத்திற்கு இக்கணினி உதவாது. ஆன்டிஎக்ஸ் 23-க்கு அடித்தளமான டெபியன் 12-ஐ அடுத்து, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கான நிறுவியும் கருவும் இல்லை. ஆகவே நம் பதிப்பை இரு பென் டிரைவ்களில் படியெடுத்து, பெயர் எழுதி ஒட்டி, கழக அலமாரியில் வைத்திருக்கிறோம்; வேண்டுவோர் செயலரிடம் கேட்டுப் பெறலாம்.